கடைசிப் பந்தியில் பெரியப்பா

பெரியப்பாவின் முகவரியில் ஊர் இருக்காது. பதவி, பெயர், பட்டாலியன், அதன் கீழே 'கேர் ஆஃப் 56 ஏபிஓ'. அவ்வளவுதான். தெருவும் இல்லை, ஜில்லாவும் இல்லை. அந்த எண்ணை எழுதிப் பெட்டியில் போட்டால் காஷ்மீர் மலையில் இருந்தாலும் பஞ்சாப் எல்லையில் இருந்தாலும் கடிதம் அவர் கைக்குப் போய்விடும் என்பார் தாத்தா. அவர் தொடக்கப்பள்ளி வாத்தியார். பெரியப்பா எழுதும் நீல இன்லண்டு கடிதங்களைத் தேதிவாரியாக ஒரு கம்பியில் குத்தி நடையில் மாட்டி வைத்திருந்தார். கம்பி நிறைந்ததும் அவிழ்த்துக் கட்டாகக் கட்டிப் பரணில் போடுவார். புதுக் கம்பி வளைத்துக் கொடுப்பது அப்பாவின் வேலை.

1971 ஐப்பசியில் வந்த கடிதத்தில் 56 போய் 99 வந்திருந்தது. உள்ளே எப்போதும் போல ஆயாவின் மூட்டுவலிக்கு விசாரிப்பு, மல்லாட்டைக்கு மழை போதுமா என்ற கேள்வி, என் தம்பி நடக்கத் தொடங்கிவிட்டானா என்ற ஆசை. இடம் மாறியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதவும் கூடாது. தாத்தா அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்தபடி இருந்தார். 56 என்றால் தில்லி வழியாகப் போகிற தபால், 99 என்றால் கல்கத்தா வழி. யாரோ ஒரு பழைய பட்டாளத்துக்காரர் அவருக்குச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்து வரைபடத்தை எடுத்து வந்து திண்ணையில் விரித்து, கல்கத்தாவுக்கு வலப்பக்கம் விரலை வைத்தார். "உங்க ஆயாகிட்ட சொல்லாத பாப்பா" என்றார். எனக்கு அப்போது எட்டு வயது. ரகசியம் என்று ஒன்றை என்னிடம் முதன்முதலாக ஒப்படைத்தவர் தாத்தாதான்.

எங்கள் ஊர் வேலூருக்குத் தெற்கே. அந்தப் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது புதிதில்லை. கணியம்பாடிக்குப் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் இங்கிலீஷில் வெட்டியிருக்கும். கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் தாத்தா என்னை அதை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்வார். எங்கள் ஊரிலிருந்து அப்படிப் போனவர்கள் எல்லாரும் சிப்பாயாகப் போனவர்கள். அதிகாரியாகப் போன முதல் ஆள் பெரியப்பாதான்.

1962-இல் சீனாவிடம் பட்ட அடிக்குப் பிறகு ராணுவத்தை அவசர அவசரமாகப் பெருக்கினார்கள். அதற்குத் தக்க அதிகாரிகள் இல்லை. 1963-இல் சென்னை பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். ஊரிசுக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த பெரியப்பா அங்கே போய்ச் சேர்ந்தார். அவசர ஆணையில் எடுத்தவர்களில் பலரைச் சில ஆண்டுகளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பொறுக்கி எடுத்தவர்களுக்கு மட்டும் நிரந்தர ஆணை கொடுத்தார்கள். பெரியப்பாவுக்கு அது கிடைத்தது. மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தவர் கடைசிவரை அதிலேயே இருந்தார். 1758-இல் தோன்றிய படை அது. இந்தியக் காலாட்படையில் அதைவிட மூத்தது கிடையாது. தமிழும் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள் ஒரே பாரக்கில் படுத்து எழுவார்கள். பெரியப்பா நான்கு மொழியிலும் திட்டுவார், நான்கிலும் தாலாட்டுப் பாடுவார் என்று பெரியம்மா சொல்வாள்.

லீவுக்கு அவர் வருவது எங்களுக்குத் திருவிழா. ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி வந்து சென்ட்ரலில் இறங்கி, வேறு வண்டி பிடித்துக் காட்பாடி வந்து சேருவார். கறுப்பு டிரங்குப் பெட்டி, அதன் மூடியில் வெள்ளைப் பெயின்டில் பதவியும் பெயரும். ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் பழைய எழுத்தை அழித்து மேலே புதிதாக எழுதியிருப்பார்கள். சாய்த்துப் பார்த்தால் கேப்டனுக்கு அடியில் லெப்டினன்ட் தெரியும். பெட்டியைத் திறந்தால் பிராசோவும் பூட் பாலிஷும் நாப்தலீன் உருண்டையும் கலந்து ஒரு வாசனை வரும். வந்த மறுநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து தன் ஷூவுக்குப் பாலிஷ் போடுவார். அது முடிந்ததும் வீட்டிலுள்ள எல்லாருடைய செருப்பையும் வரிசையாக எடுத்து வைத்துத் துடைப்பார். ஆயா பதறுவாள். "அதிகாரி செய்யற வேலையாடா இது?" அவர் சிரித்துக்கொண்டே ஆயாவின் செருப்பையும் எடுப்பார். ஏர் ஓட்டி ஓட்டி வெடித்த அப்பாவின் குதிகாலைப் பார்த்துவிட்டு அடுத்த லீவில் ஒரு ஜோடி பட்டாளத்து பூட்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா அதை ஒரு நாளும் வயலுக்குப் போட்டுப் போனதில்லை. கோவிலுக்குத்தான்.

கல்யாண வீடுகளில் பெரியப்பாவைச் சாப்பிட உட்கார வைப்பது பெரிய பாடு. ஊரிலேயே பெரிய உத்தியோகம் அவருக்கு. முதல் பந்தியில் சம்பந்தி வீட்டாரோடு உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுப்பார்கள். வரமாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கிவிடுவார். பந்தி பந்தியாகப் போய்க் கடைசியில் சமையல்காரர்களும் பாத்திரம் கழுவுகிறவர்களும் வண்டிக்காரர்களும் உட்காரும்போதுதான் ஓர் இலையைப் போட்டுக்கொண்டு அவர்கள் நடுவில் உட்காருவார். அதற்குள் வடை தீர்ந்திருக்கும். பாயசம் அடிப்பிடித்த வாசனையோடு இருக்கும். உறவுக்காரர்கள் முதலில் கோபித்துக்கொண்டார்கள், பிறகு பழகிவிட்டார்கள். பெரியம்மாவுக்கு மட்டும் கடைசிவரை வருத்தம். அவருக்காக ஒரு வடையை வாழையிலைக் கிழிசலில் சுற்றி மடியில் வைத்திருப்பாள். அவர் அதை எனக்குக் கொடுத்துவிடுவார்.

1971 டிசம்பர் 3 ராத்திரி போர் மூண்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காலை ஏழே கால் மணி என்பது தனி நேரம். தில்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்திக்குத் தாத்தா ரேடியோவைத் திருகுவார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற அப்பாகூட வாளியோடு வந்து வாசலில் நிற்பார். ஆயா அடுப்படியை விட்டு வரமாட்டாள், ஆனால் அடுப்படியில் சத்தமே இருக்காது. ரகசியத்தை நான் காப்பாற்றியதெல்லாம் வீண். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. தபால்காரர் சைக்கிளில் எங்கள் தெருவுக்குள் திரும்பினாலே பெரியம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். கடிதம் என்றால் சைக்கிளில் உட்கார்ந்தபடியே கூப்பிடுவார். இறங்கி நடந்து வந்தால் தந்தி. 16-ஆம் தேதி டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்தாகி, 93,000 பேர் கைதானார்கள் என்று ஊரே வெடி வெடித்தது. எங்கள் வீட்டில் வெடிக்கவில்லை. பொங்கலுக்கு முன்னால் கடிதம் வந்தது. நான்கு வரி. கம்பியில் குத்த மனசு வராமல் தாத்தா அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

மார்ச்சில் நம் படைகள் வங்கதேசத்தை விட்டுத் திரும்பின. பெரியப்பா சித்திரையில் வந்தார். இளைத்து, கறுத்து, காது ஓரத்தில் நரையோடு. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டு எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்டோம். அவர் நெல்லைப் பற்றிச் சொன்னார். அங்கே அது அறுவடைக் காலம். எங்கள் ஊர் போலவே குளமும் தென்னையும் பாக்குமாக ஊர்கள். வயல் முழுக்கக் கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது, அறுக்க ஆள் இல்லை. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் உயிருக்குப் பயந்து எல்லை தாண்டி இந்தியாவுக்கு ஓடியிருந்தார்கள். ராத்திரி அந்த வயல்களுக்குள் இறங்கி நடக்கும்போது காலடியில் நெல் உதிர்கிற சத்தம் கேட்குமாம். "நம்ம கம்பெனியில பாதிப் பேரு சம்சாரி வீட்டுப் பசங்க. குண்டுக்குப் பயப்படாதவன்கூட அந்த நெல்லு மேல கால வைக்கக் கூசினான்" என்று அப்பாவிடம் சொன்னார். போரைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

அந்த லீவில் ஒரு நாள் விடியற்காலையில் என்னை எழுப்பித் தலைவாரிவிடச் சொன்னார். போளூர் பஸ். ஏன் என்னைக் கூட்டிப் போனார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஒருவேளை, தனியாகப் போகத் தைரியம் போதவில்லையோ என்னவோ. போளூருக்கு அப்பால் இறங்கி, ஜவ்வாது மலை தெரிகிற பக்கமாகக் கொள்ளைக்காட்டில் நடந்தோம். சித்திரை வெயில். குடை என் தலைக்கு மேல் மட்டும் இருந்தது. கையில் ஒரு பழைய உறை. அதில் அவருடைய கம்பெனி முழுக்க நின்றும் உட்கார்ந்தும் எடுத்த போட்டோ.

கூரைவீடு. சாணம் மெழுகிய சின்னத் திண்ணை. ஒரு அம்மா முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பதினான்கு வயசுப் பையன் ஆட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். பெரியப்பா வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். யார் என்று சொன்னதும் அந்த அம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். பையன் ஓடிப்போய் யார் வீட்டிலிருந்தோ நாற்காலி தூக்கி வந்தான். பெரியப்பா அதில் உட்காரவில்லை. திண்ணைக்குக் கீழே, அந்த அம்மாவின் கால்மாட்டில், மண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. தெருவில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பெரியப்பா போட்டோவை எடுத்து, இரண்டாம் வரிசையில் ஒரு முகத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார். அவள் அதை வாங்கி முந்தானையால் துடைத்தாள். எப்படிச் செத்தான் என்று அவள் கேட்கவில்லை. எங்கே புதைத்தீர்கள், எரித்தீர்களா என்றும் கேட்கவில்லை.

"எம்புள்ள அன்னிக்குச் சாப்ட்டானா சாமி?"

"சாப்ட்டாம்மா" என்றார் பெரியப்பா. "விடியறதுக்கு முன்ன டீயும் ஷக்கர்பாராவும். மைதா மாவுல சக்கர போட்டுப் பொரிச்சது, நம்ம ஊரு பிஸ்கோத்து மாதிரி. ரெண்டு கை வாங்கினான். ஒரு கை தின்னுட்டு ஒரு கைய ஜோப்புல போட்டுக்கிட்டான். ராத்திரி பூரியும் உருளக்கெழங்கும். உப்பு கம்மின்னு சமையல்காரன வம்புக்கு இழுத்தான்."

அவள் முகம் அப்படியே இளகியது. "ஆமா சாமி. அவனுக்கு உப்பு தூக்கலா இருக்கணும்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். தெருவே அழுதது. பெரியப்பா அழவில்லை. அவள் கொடுத்த மோரை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். அதில் உப்பு அதிகம்.

வளர்ந்த பிறகு அவரிடம் ஒருநாள் கேட்டேன். நூறு பேருக்கு மேல் இருக்கிற கம்பெனியில், சண்டை நடுவில், ஒருவன் என்ன தின்றான் என்பது எப்படித் தெரியும்? ஆறுதலுக்காகச் சொன்னீர்களா? அவர் முகம் சுருங்கிவிட்டது. பதில் சொல்லாமல் டிரங்குப் பெட்டியிலிருந்து நாலு மூலையும் மழுங்கிய ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். ரத்த வகை, பூட்ஸ் அளவு. அதற்குக் கீழே பொடி எழுத்தில்: மனைவிக்குத் தையில் பிரசவம். தம்பியோடு கிணற்றுப் பங்கு வழக்கு. தங்கை கல்யாணத்துக்கு லீவு, கொடுக்க வேண்டும். இனிப்பு பிடிக்காது. ராத்திரியில் உளறுவான், அதட்டக்கூடாது. போளூர்க்காரரின் பக்கத்தில், உப்பு அதிகம் கேட்பான் என்று இருந்தது. அதற்கு மேலே, பக்கத்தின் குறுக்கே, ஒரு தேதி.

ராணுவ அதிகாரி என்றால் சினிமா காட்டுகிற மனிதரைத்தான் நமக்குத் தெரியும். கையில் துப்பாக்கி, வாயில் வசனம். பெரியப்பா ராணுவத்தில் இருந்த காலத்தில் சண்டை நடந்த நாட்கள் மிகச் சொற்பம். மற்ற நாளெல்லாம் அவர் செய்தது அந்த நோட்டை நிரப்புகிற வேலை. 1932-இல் டேராடூனில் இந்திய ராணுவக் கழகத்தைத் திறந்துவைத்த சேட்வுட், முதலில் நாடு, அடுத்து உன் கீழே இருக்கும் ஆட்கள், உன் சௌகரியம் எப்போதும் கடைசி என்ற பொருளில் அங்கே பேசினார். அந்தப் பேச்சு அங்கே பொறித்து வைக்கப்பட்டிருக்கிறது. பெரியப்பா டேராடூனில் படித்தவரில்லை, பரங்கிமலையில் சில மாதம் பயிற்சி பெற்றவர். ஆனால் கல்யாணப் பந்தியில்கூட அதை மீறத் தெரியாதவர்.

அந்த அம்மா மூன்று வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூடவே கயிறு திரித்த அந்தப் பையன், மீசை அரும்பி. இவனையும் பட்டாளத்தில் சேர்த்துவிடு சாமி என்றாள். பெரியப்பா உரத்துப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். ஒருத்தனைக் கொடுத்தது போதும், இவனுக்கு நான் வேலூரிலேயே வேலை பார்த்துத் தருகிறேன் என்று கத்தினார். அவள் திண்ணையை விட்டு எழவில்லை. "உங்கள மாதிரி ஒருத்தர் பாத்துக்கற எடத்துக்குத்தான அனுப்பறேன்" என்றாள். பெரியப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார். சிபாரிசு செய்யமாட்டேன், வரிசையில் நின்று ஓடித் தேறினால் தேறட்டும் என்றார். அவன் தேறிவிட்டான்.

அடுத்த கோடையில் பெரியப்பாவுக்கு வெலிங்டனில், ரெஜிமென்ட் மையத்தில் வேலை. குடும்பத்தோடு இருக்கலாம். எங்களை விடுமுறைக்குக் கூப்பிட்டார். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறி, குன்னூர் தாண்டி வெலிங்டனில் இறங்கியபோது பல் கிட்டிப் போயிருந்தது. ஜக்கதளா என்று வழங்கிய இடம் அது, 1860-ஐ ஒட்டி வெலிங்டன் ஆனது. காலையில் மூடுபனிக்குள் ஆட்கள் தெரியமாட்டார்கள், பூட்ஸ் சத்தம் மட்டும் வரும். பிறகு எங்கிருந்தோ நூறு தொண்டைகள் ஒன்றாக 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்று கத்தும். என் தம்பி போர்வைக்குள் பூந்துகொள்வான்.

சாயங்காலம் நடக்கப் போகும்போது பெரியப்பா குன்னூர்ப் பக்கம் கையைக் காட்டி, ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா ஓய்வுபெற்று அங்கேதான் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார் என்பார். 1971 போரின்போது ராணுவத் தளபதி. அமிர்தசரசில் பிறந்த பார்சிக்காரர். 1942-இல் பர்மாவில் சித்தாங் ஆற்றங்கரையில் ஜப்பான்காரன் குண்டுகள் வயிற்றில் பாய்ந்து கிடந்தவரை, ஷேர் சிங் என்ற அவருடைய ஆர்டர்லி தூக்கிச் சுமந்து மருத்துவரிடம் சேர்த்ததால் பிழைத்தவர். பெரியப்பா அந்தக் கதையைச் சொல்லும்போது மானெக்‌ஷா பெயரைவிட ஷேர் சிங் பெயரைத்தான் அழுத்திச் சொல்வார். சுமந்தவன் பெயரை மறக்கக்கூடாது பாப்பா என்பார். மானெக்‌ஷா 2008-இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்து, ஊட்டி பார்சி மயானத்தில் அடக்கமானார். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று பெரியப்பா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மெடல்களைக் குத்திக்கொண்டு பகல் முழுக்கத் திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

போளூர்ப் பையன் அந்தக் கோடையில் வெலிங்டனில் ரெக்ரூட். என்னைத் தெரியும் என்று எவனிடமும் சொல்லக்கூடாது என்று பெரியப்பா அவனை எச்சரித்திருந்தார். நான் அவனைக் கண்ணால் பார்த்தது கசம் பரேடு அன்றுதான். கொடிக்கு முன்னால், அவரவர் வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து, நிலத்திலும் நீரிலும் வானிலும் எங்கே அனுப்பினாலும் போவேன் என்று உறுதி எடுக்கிற நாள். வரிசையில் எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள். அவன் அம்மா மட்டும் சட்டென்று கண்டுபிடித்துவிட்டாள். அன்று மத்தியானம் பெற்றவர்களுக்கு லங்கரில் சாப்பாடு. பெரியப்பா உடுப்போடு, இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு பரிமாறினார். அந்த அம்மாவின் தட்டில் குழம்பை ஊற்றியவர் உப்புக் கிண்ணத்தையும் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

பெரியப்பா 1991-இல் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்று ஊரோடு வந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் திண்ணை ஒரு அலுவலகம் போல ஆனது. பக்கத்து ஊர்களிலிருந்து விதவைகள் மஞ்சள் பையில் பழைய காகிதங்களைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். புருஷன் பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கும். பெண்டாட்டி பெயர் பதிவேட்டில் ஏறாமலே இருக்கும். பென்ஷன் ஆணையில் பிறந்த வருஷம் தப்பாக இருக்கும். ராணுவ பென்ஷன் கணக்கெல்லாம் அலகாபாத்தில். பெரியப்பா ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் மனு எழுதி, கார்பன் நகல் எடுத்து, பதிவுத் தபால் ரசீதை அதில் ஒட்டி வைப்பார். பதில் வராவிட்டால் அடுத்த மனு. வந்தவர்கள் கோழியும் பூசணிக்காயும் கொண்டுவருவார்கள். வாங்கமாட்டார். சாப்பிட்டீர்களா என்று கேட்டு, இல்லையென்றால் பெரியம்மாவைக் கூப்பிடுவார்.

2009-இல் அவர் இறந்தபோது போளூர்ப் பையன் வந்தார். பையன் என்பது என் வாய்ப்பழக்கம். நாயிப் சுபேதாராக ஓய்வுபெற்று, பேரன் எடுத்த மனிதர். அந்த அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பியபின் அவர் மட்டும் இரண்டு நாள் தங்கி, திண்ணையிலிருந்த மனுக்கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். பதில் வராதவற்றைத் தனியாகக் கட்டி எடுத்துப் போனார்.

இப்போது அலகாபாத், பிரயாக்ராஜ் ஆகிவிட்டது. பென்ஷன் எல்லாம் ஸ்பர்ஷ் என்று கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. நவம்பர் பிறந்தால் உயிரோடு இருப்பதற்கான சான்றை ஆன்லைனில் கொடுக்க வேண்டும். கைரேகை தேய்ந்த கிழவிகளுக்கு எந்திரம் விரலை ஏற்றுக்கொள்ளாது. கண்ணைக் காட்டினால் புரை. அவர் ஷேர் ஆட்டோ பிடித்து நாலைந்து பேரைக் கூட்டமாகப் போளூர் இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போகிறார். போன கார்த்திகையில் நான் போனில் கூப்பிட்டபோது அங்கேதான் வரிசையில் இருந்தார். "ஒரு அம்மாவுக்கு மட்டும் ரேக விழல பாப்பா. ஓட்டல்ல உட்கார வெச்சு இட்லி வாங்கிக் குடுத்திருக்கேன். மத்தியானம் மறுபடி பாக்கணும்" என்றார்.